சீருக்கு முந்தின நாள்

விழுங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கத்தில் அடிக்கடி விழுங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாம், உடனே கூப்பிட வேண்டுமாம். அதனால் என் மகள் பிரகதியின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறு வயதுக் கழுத்து. அதில் எது விழுங்குவது, எது சும்மா அசைவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது. இப்போது விழுங்கினாள். ஒருதடவை விழுங்கினால் ஒன்றுமில்லை, நான்கூடத்தான் விழுங்குகிறேன், காலையிலிருந்து விழுங்கிக்கொண்டே இருக்கிறேன், என்னை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். கன்னத்துக்கு அடியில் ஒரு துண்டு, அதில் வெளிறிய சிவப்பில் எச்சில். அவளை ஒருக்களித்துப் படுக்க வைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வருஷமாக ராத்திரியானால் எனக்கு அதுதான் வேலை. டான்சில் இரண்டையும் எடுத்தாயிற்று, மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையையும் எடுத்தாயிற்று, எடுத்ததை ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து காட்டினார்கள். கோழி வெட்டும்போது ஒதுக்கிப் போடுவது மாதிரி இருந்தது. இதற்குத்தான் இத்தனை பாடா என்று சம்பத் கேட்டார். சம்பத் என் வீட்டுக்காரர். இத்தனை பாடும் யார் பட்டது என்று நான் கேட்கவில்லை, விழுங்கிவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் நோயாளி யாரும் இல்லை, அதில் நாத்தனார் சாந்தாமணி வாங்கிவந்த புடவைப் பைகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. பட்டுப் புடவைகள். அவற்றை மட்டும் மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார்.

நாளைக்கு நாத்தனார் மகளுக்குத் திரட்டுச் சீர். பெண் பெரியவளாகி மாசம் ஒன்றாகிறது, ஜோசியர் நாளையைத்தான் குறித்துக் கொடுத்தார், ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்கு முன்னாலேயே இன்றைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம் என்றுதான் முதலில் பேச்சு. பள்ளிக்கூடம் திறந்துவிடும், மறுபடி காய்ச்சல் வந்துவிடும் என்று நான் சொன்னேன். அப்புறம் யாரோ சொன்னார்கள், இப்போதெல்லாம் டான்சில் ஆபரேஷன் காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுகிற சமாசாரம், பல்லுப் பிடுங்குகிற மாதிரி என்று. அவ்வளவுதான், எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. காலையில் ஈரோடு, சாயங்காலம் காங்கேயம், ராத்திரி மண்டபம், விடிந்தால் சீர். நாத்தனாரும் ஒத்தாசைக்கு என்று சொல்லிக் காரில் ஏறிக்கொண்டார். குழந்தையைத் தியேட்டருக்குள் கொண்டுபோன கையோடு ஜவுளிக்கடைக்குக் கிளம்பினார், குழந்தை வெளியே வந்து வாந்தி எடுத்து அழுது தூங்கின பிறகு பைகளோடு வந்தார். ஒரே பெட்ரோலில் இரண்டு காரியம். அவருடைய புடவை ரசனையை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பையில் எனக்கும் ஒன்று இருக்கிறது, ராமர் பச்சை. தாய்மாமன் பெண்டாட்டி நான், தட்டு எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டியவள், நான் இல்லாவிட்டால் சபையில் கேட்பார்கள். சபை எல்லாவற்றையும் கேட்கும். ஒரு பெண் பெரியவளானதை ஃபிளெக்ஸ் அடித்து, அவள் போட்டோவை ரோட்டோரம் கட்டி, மைக் செட் வைத்து ஊருக்கே சொல்லுவோம், அதில் எங்களுக்குக் கூச்சமில்லை. ஒரு பெண் குழந்தை தூக்கத்தில் குறட்டை விடுகிறது என்பதை மட்டும் டாக்டர் கேட்டால்கூடச் சொல்லமாட்டோம்.

விழுங்கினாளா. இல்லை, உதட்டைத்தான் நனைத்துக்கொண்டாள்.

காலையில் மயக்க மருந்து டாக்டர் கேட்டார். சின்ன வயசுப் பெண், கண்ணாடி போட்டவர், பிரகதியிடம் எந்த கிளாஸ் படிக்கிறாய், மிஸ் பேர் என்ன என்றெல்லாம் கேட்டுவிட்டு, நிமிர்ந்து எங்களைப் பார்த்து அதே குரலில் கேட்டார், பாப்பா குறட்டை விடுவாளா, தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருமா என்று. எளிமையான கேள்வி. ஆமாம் என்றால் ஆமாம். அந்த நேரம் பார்த்துத்தான் பூங்கொடி பிரகதியின் கையில் பேர் எழுதின பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பூங்கொடி இங்கே நர்ஸ். உள்ளே நுழைந்த உடனே எந்தூருங்க என்று கேட்டாள், எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற முதல் கேள்வி அதுதான், பேர்கூட அப்புறம்தான். ஊர் சொல்லி, குலம் சொல்லி, கோயில் சொல்லி, இரண்டு நிமிஷத்தில் அவள் நாத்தனார் வீட்டுக்காரரின் பங்காளி வீட்டு மருமகள் என்று தெரிந்துபோயிற்று. அட நம்ம பூங்கொடியா என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சொந்தம் இருக்கிற ஆஸ்பத்திரி என்று சம்பத்துக்கு அப்படி ஒரு நிம்மதி. இன்றைக்குப் பகலும் ராத்திரியும் சேர்த்து டூட்டி, நாளைக் காலையில் முடித்து நேராக மண்டபத்துக்குத்தான் வருகிறேன் என்று பூங்கொடி சொன்னாள். அந்த டாக்டர் கேட்டதும் சம்பத் டாக்டரைப் பார்க்கவில்லை, பூங்கொடியைப் பார்த்தார். நாத்தனார் முந்திக்கொண்டார், அப்படியெல்லாம் எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லைங்க, சளி மட்டுந்தான் என்றார். அதெல்லாம் இல்லைங்க என்று சம்பத்தும் சொன்னார். டாக்டர் கடைசியாக என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்துக் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்வார் போலிருக்கிறது, நல்ல டாக்டர். நான் கையில் பிரகதியின் கொலுசை வைத்திருந்தேன், கழற்றச் சொல்லியிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். எந்தப் பக்கமும் இல்லாமல் ஆட்டினேன் என்று இப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், அவர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனார்.

அதெல்லாம் இல்லைங்க. சொன்னது யார்? இந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் வருஷக்கணக்காக ஹாலில் போய்ப் படுக்கிற மனுஷன். கதவைச் சாத்திக்கொண்டாலும் கேட்கிறது என்று காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற மனுஷன். கொப்பரைக் களத்தில் நாளெல்லாம் வெயிலில் நிற்கிறார், தூக்கம் வேண்டும்தான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கு அந்தச் சத்தம்தான் தொந்தரவு. எனக்கு அந்தச் சத்தம் தாலாட்டு. சத்தம் இருக்கிற வரைக்கும் பயமில்லை, புரண்டு படுக்கலாம், நாளைக்கு என்ன குழம்பு என்றுகூட யோசிக்கலாம். சட்டென்று நிற்கும். நின்றதும் எனக்கு விழிப்பு வரும், எவ்வளவு அசந்து தூங்கினாலும் வந்துவிடும். அந்த நிசப்தத்தில் அவள் நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கும், மூக்கில் கை வைத்தால் காற்று வராது, விலா எலும்புக்குக் கீழே குழி விழும், பூட்டின கதவை உள்ளே இருந்து யாரோ தள்ளுகிற மாதிரி. நான் தோளைப் பிடித்து ஒருக்களிப்பேன். அப்போது ஹக் என்று ஒரு இழுப்பு இழுப்பாள், வியர்த்துவிடும், கண்ணைத் திறக்காமலே என் புடவையைப் பிடித்துக்கொள்வாள். மறுபடி சத்தம் ஆரம்பிக்கும். அப்பாடா என்றிருக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லையா? மாமியாரிடம் சொன்னேன். நாத்தனாரிடம் சொன்னேன். பொட்டப் புள்ளைக்கு இதையெல்லாம் வெளியில சொல்லிட்டுத் திரியாத, நாளைக்கு ஒரு எடத்துல பேச்சு வந்தா இதுவும் வரும் என்றார் நாத்தனார். அவளுக்கு அப்போது நான்கு வயது. நான்கு வயதுக் குழந்தைக்கு எந்த இடத்தில் என்ன பேச்சு வரப் போகிறது. ஆனால் எனக்கும் அந்தச் சொல் எங்கோ உறைத்தது, அதுதான் கசப்பு. உறவு வீட்டுக் கல்யாணங்களில் அவளை மண்டபத்தில் தூங்க விடாமல் நானே தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். நாலு பேர் நடுவில் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயந்திருக்கிறேன். அவள் மூச்சுக்குப் பயந்தது ஒரு பக்கம், அவள் சத்தத்துக்கு வெட்கப்பட்டது இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே மடியில்தான் இருந்தன.

ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தபோது அந்த மயக்க மருந்து டாக்டர் கூடவே வந்தார். நன்றாக முடிந்தது, சாயங்காலம் தண்ணீர் குடித்து, ஒன்றுக்குப் போய், வாந்தி இல்லாமல் இருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல டாக்டர்கள் அத்தோடு நிறுத்துவதில்லை. தூக்கத்தில் மூச்சு நிற்கிற பழக்கம் இருக்கிற குழந்தையாக இருந்தால் அன்றைக்கே அனுப்பமாட்டோம் என்று சொன்னார். சதையை எடுத்த உடனே சரியாகிவிடாதாம், முதல் நாள் ராத்திரி உள்ளே வீக்கம் இருக்குமாம், மயக்க மருந்தும் வலி மருந்தும் சேர்ந்து தூக்கத்தை அழுத்துமாம், அப்படிப்பட்ட குழந்தைகள் மூச்சு விடவே மறந்துவிடுமாம். அதனால் விரலில் கிளிப் மாட்டி ராத்திரி முழுக்கப் பார்ப்போம், இவளுக்குத்தான் அது இல்லையே என்று சிரித்துவிட்டுப் போனார். மூச்சு விடவே மறந்துவிடும். அந்தச் சொல் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்கிறது. சம்பத்தும் பக்கத்தில்தான் நின்றார். கேட்டார். கேட்டுவிட்டு டிரைவருக்குப் போன் பண்ணி எத்தனை மணிக்கு வண்டி எடுக்கலாம் என்று பேசினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை. காலையில் தியேட்டர் வாசலில் அம்மா நீயும் வா என்று பிரகதி கூப்பிட்டு, கதவு மூடினதும், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதவர் அவர்தான். நான் அழவில்லை. அழுகிற அப்பா ஏன் ஒரு உண்மையைச் சொல்லமாட்டேன் என்கிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிளிப்பைக் கொஞ்சம் முன்னால்தான் எடுத்தார்கள். வீட்டுக்குப் போகிற குழந்தைக்கு எதற்கு என்று எடுத்தாயிற்று. அந்தச் சின்ன இயந்திரம் தலைமாட்டில் கறுத்துப் போய் நிற்கிறது. இனிமேல் நான்தான் இயந்திரம். இங்கே உட்கார்ந்து பார்ப்பேன், காரில் மடியில் வைத்துப் பார்ப்பேன், அறச்சலூர் தாண்டினால் ரோட்டில் விளக்கு இருக்காது, கையை வைத்துப் பார்ப்பேன். மண்டபத்தில்? மண்டபத்தில் போய் இறங்கினதும் மோகனா, தட்டுக்குத் தேங்காய் எங்கே, மோகனா, வெற்றிலையைத் துடைத்தாயிற்றா, மோகனா, விடியற்காலை தென்னங்கீற்றுக்கு ஆள் வருகிறார்கள், பெண்ணை உட்கார வைக்கக் குடிசு கட்டுகிற இடத்தைக் கூட்டினாயா. பிரகதியை மணப்பெண் அறையில் பாயில் போட்டுவிடுவார்கள், ஃபேனைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள், குழந்தை அசந்து தூங்குகிறது, எழுப்பாதே என்பார்கள். அசந்து தூங்குகிறது. எங்கேயோ ஒரு குழந்தையைப் பற்றி, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்து, அசந்து தூங்குகிறது என்று விட்டார்களாம், காலையில் போய்ப் பார்த்தால் என்று, எங்கள் தெருவில் ஒருத்தி சொன்னாள். மிச்சத்தை நான் கேட்கவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே ஓடிவிட்டேன். அன்றைக்குப் பால் பொங்கவே இல்லை.

மத்தியானம் சம்பத்தை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். டாக்டர்கிட்டச் சொல்லிடலாங்க, இன்னிக்கு ஒரு ராத்திரி இருந்துடலாம் என்று கெஞ்சினேன். அவர் முதலில் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பூங்கொடி இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் பேசினார். அதான் சதையவே எடுத்தாச்சே, இனி எங்கிருந்து குறட்டை வரும் என்றார். நாளைக்குத் தாய்மாமன் சீர், நீ இல்லாம நான் யார்கூட நிக்கறது என்றார். இப்பப் போய்ச் சொன்னா காலைல நாம பொய் சொன்னதாக ஆகிடும் என்றார். ஆகிவிடுமாம். இவ்வளவு நேரம் அது வேறு என்னவாக இருந்தது என்று தெரியவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, பூங்கொடி நாளைக்கு மண்டபத்துக்கு வர்றா, எங்க அக்கா மானத்த நீ வாங்கிடாத என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு குழந்தையின் மூக்கில் காற்று போவதும் வருவதும் அவர் அக்காவின் மானத்தில் போய் முடியும் என்று கல்யாணத்தின்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்போது நான் சிரித்திருப்பேன், எனக்கு அப்போது நிறையச் சிரிப்பு வரும்.

விழுங்குகிறாள். ஒன்று. இல்லை, எண்ணக் கூடாது, எண்ண ஆரம்பித்தால் எல்லாமே விழுங்குவதாகத்தான் தெரியும். கண் விழித்துவிட்டாள். ஐஸ்கிரீம் வேண்டுமா என்றதற்குக் கையை மட்டும் ஆட்டுகிறாள், பேசினால் வலிக்கும் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. பிறகு கிசுகிசுவென்று, நாளைக்கு மஞ்சள் பாவாடை போடலாமா என்று கேட்கிறாள். நாளைக்கு. போடலாம் சாமி என்கிறேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. நாத்தனார் பைகளைச் சரிபார்த்துக்கொண்டே, பாப்பா தெளிஞ்சுட்டா, இனிக் கெளம்பலாம் என்கிறார். சம்பத் பணம் கட்டிவிட்டு வந்துவிட்டார். பூங்கொடி ஒரு தட்டில் பஞ்சோடு வருகிறாள், கையில் குத்தியிருக்கிற ஊசியை எடுக்க. அவளுக்குப் பின்னாலேயே அந்த மயக்க மருந்து டாக்டர். தண்ணி குடிச்சாளா, ஒன்னுக்குப் போனாளா, ரைட், ஒன்னும் பிரச்சினை இல்லை, போயிட்டு வாங்க. டாக்டர் திரும்பிவிட்டார். முதுகு தெரிகிறது. அந்த முதுகு கதவைத் தாண்டிவிட்டால் அப்புறம் கார், அறச்சலூர், பாய், ஃபேன், சாத்தின கதவு. பூங்கொடி பிளாஸ்டரைப் பிரிக்கிறாள், பிரகதி முகத்தைச் சுளிக்கிறாள், நாத்தனார் என் பச்சைப் புடவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, உனக்கு எடுப்பா இருக்கும் மோகனா என்கிறார். அந்தப் புடவைதான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன். அவ்வளவு பச்சையாக இருந்தது.

“டாக்டர், இவ குறட்டை விடுவாங்க. தூக்கத்துல மூச்சு நின்னு போயிடும். தெனமும் ராத்திரி நான்தான் ஒருக்களிச்சு விடறேன்.”

இவ்வளவுதான். இதற்குத்தான் காலையிலிருந்து. டாக்டர் திரும்பினார். அவர் முகத்தில் காலையில் இருந்த சிரிப்பு துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது. காலையில் நான் கேட்டேனே, நீங்கள்தானே தலையை ஆட்டினீர்கள் என்று என்னைத்தான் கேட்டார். சம்பத்தைக் கேட்கவில்லை, நாத்தனாரைக் கேட்கவில்லை. இது தெரிந்திருந்தால் மருந்தையே வேறு மாதிரி கொடுத்திருப்பேன், என்ன விளையாட்டு இது, படித்தவர்கள்தானே நீங்கள் என்றார். திட்டட்டும். அவர் திட்டத் திட்ட எனக்கு உள்ளே எதுவோ இறங்கிக்கொண்டு வந்தது. சம்பத் சிரிக்கப் பார்த்தார். இவளுக்குப் பயங்க டாக்டர், பயத்துல சும்மா சொல்றா என்றார். சளி பிடித்தால் எல்லாப் பிள்ளையும்தான் இழுக்கும் என்றார் நாத்தனார், சொல்லும்போது அவர் கண் பூங்கொடி மேல் இருந்தது. பூங்கொடி பஞ்சைக் கையில் பிடித்தபடி நின்றாள். டாக்டர் யாரை நம்புவது என்று பார்த்த மாதிரி இருந்தது. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், வீட்டில் பாப்பாவோடு யார் படுப்பீர்கள் என்று.

“நான் மட்டுந்தாங்க. அவரு ஹால்ல படுப்பாரு. இவ சத்தம் தாங்காம காதுல பஞ்சு வெச்சுக்குவாரு.”

சம்பத்தின் முகம் கறுத்துப் போயிற்று. பத்து வருஷக் குடித்தனத்தில் அவரை நான் நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் தடவை, அந்த நாலு பேரில் பூங்கொடியும் ஒருத்தி. டாக்டர் பூங்கொடி பக்கம் திரும்பினார். ஊசியை எடுக்காதீங்க சிஸ்டர், கிளிப்பை மாட்டுங்க என்றார். பூங்கொடி பிரித்த பிளாஸ்டரை மறுபடி ஒட்டினாள்.

போய்விட்டார்கள். எவ்வளவு வேகமாகப் போய்விட்டார்கள். அவர்களையும் சொல்லி என்ன, மண்டபத்தில் ஆள் காத்திருக்கும், சமையல்காரர் காத்திருப்பார், தாய்மாமன் இல்லாமல் அங்கே ஒரு இலை போட முடியாது. பைகளை எண்ணி எடுத்துக்கொண்டார் நாத்தனார். பச்சைப் புடவைப் பையை எடுப்பதா வைப்பதா என்று ஒரு நிமிஷம் தயங்கினார், பிறகு எடுத்துக்கொண்டார். சம்பத் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, நாளைக்குச் சபையில உன்னைய எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது என்று கேட்டார். உங்கள் மகளோடு இருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது அவருக்கே தோன்ற வேண்டாமா. அவர் பிரகதியின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார், கொலுசு இல்லாத காலை. எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் கொஞ்ச நேரம்தான் இருந்தது, பிறகு அதுவும் கசந்துவிட்டது. நான் இல்லாமல் சபையில் யார் தட்டு எடுப்பார்கள் என்று யோசித்தாரே தவிர, நான் இல்லாத இடத்தில் இத்தனை ராத்திரி யார் இவளைப் புரட்டியிருப்பார்கள் என்று ஒருநாளாவது யோசித்தாரா. ஒருவேளை நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ. சதையைத்தான் எடுத்துவிட்டார்களே, இனி அவள் சாதாரணமாகத் தூங்கினால்? விடிய விடிய அவள் பூ மாதிரி தூங்கி எழுந்தால் நாளைக்கு நான் பொய்க்காரி, சீரைக் கெடுத்தவள், பெற்ற பிள்ளைக்கே நோய் கட்டினவள். இப்படியும் ஒரு பயம் வருமா ஒரு தாய்க்கு. வருகிறதே. என் மனசை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. எதிர்க் கட்டடத்துப் பெயர்ப் பலகையில் விளக்கு எரிந்தது. வலிக்கு மருந்து குடித்து பிரகதி மறுபடி தூங்கினாள். இயந்திரத்தில் பச்சை எண்கள். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, அது அப்படியே நிற்க வேண்டும் என்று பூங்கொடி சொல்லியிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நாளைக்கு மண்டபத்தில் இவள் வாயிலிருந்து எது எது புறப்படும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கம் ஆழமானதும் சத்தம் ஆரம்பித்தது. எடுத்த பிறகும் அதே சத்தம், ஈரமாக, கரகரவென்று. மூன்று வருஷத்தில் முதல்தடவையாக அதை இன்னொருத்தியோடு சேர்ந்து கேட்டேன். பூங்கொடி டிரிப்ஸ் பாட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்தாள், அவள் கை நின்றது. பிறகு சட்டென்று சத்தம் நின்றது.

எனக்குத் தெரியும். என் கை அவள் தோளுக்குப் போய்விட்டது. நெஞ்சு ஏறுகிறது, குழி விழுகிறது, காற்று இல்லை. ஒருக்களித்துத்தான் படுத்திருக்கிறாள், இதற்கு மேல் எப்படி ஒருக்களிப்பது, எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். பிரகதி, பிரகதி என்கிறேன், எப்போதும் வருகிற அந்த ஹக் வரவில்லை. எண்கள் இறங்குகின்றன, எண்பதுகளுக்கு வந்துவிட்டன, இயந்திரம் கத்துகிறது. பூங்கொடி என்னைத் தள்ளிவிட்டு வந்தாள். தள்ளித்தான் விட்டாள், நான் புடவைப் பைகள் இருந்த கட்டிலில் போய் விழுந்தேன். அவள் பிரகதியின் தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கையாலும் தாடையை முன்னுக்குத் தூக்கிப் பிடித்தாள், வாசலைப் பார்த்து டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் குரல் கொடுத்தாள், முழங்கையால் ஆக்சிஜன் மாஸ்க்கை நகர்த்தி, அம்மிணி, அதை மூக்கு மேல வெச்சு அழுத்துங்க என்றாள். அழுத்தினேன். அவள் கை தாடையை விட்டு நகரவில்லை. இந்தக் கைக்குப் பயந்துதானே காலையில் பொய் சொன்னோம். இந்தக் கை இப்போது மணப்பெண் அறையில் இருந்திருக்காது. அங்கே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், கதவு சாத்தியிருக்கும், அசந்து தூங்குகிறது என்று சொல்லியிருப்பார்கள்.

என் போன் அடிக்கிறது. சம்பத்தின் நம்பர். ஒரு கையால் மாஸ்க்கை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் எடுத்தேன், என்ன ஏது என்று கேட்பார், சொல்ல வேண்டும் என்று. சம்பத் இல்லை, நாத்தனார். பின்னால் மைக் செட்டை யாரோ தட்டித் தட்டிச் சோதிக்கிறார்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என்று அந்த நிமிஷத்திலும் நான் எதிர்பார்த்தேன், என்னைவிட முட்டாள் யாரும் இருக்க முடியாது.

“மோகனா, அந்தப் பூங்கொடிகிட்டச் சொல்லி வை, நாளைக்கு இங்க வந்து எதையும் உளறிட்டு இருக்க வேண்டாம்னு. அவ பக்கத்துல இருக்காளா?”

“இருக்காங்க. எம்புள்ள தாடையத் தூக்கிப் புடிச்சுட்டு இருக்காங்க.”

அந்தப் பக்கம் மைக்கைத் தட்டுகிற சத்தம். டாக்டர் ஓடிவருகிற செருப்புச் சத்தம் கேட்கிறது. பூங்கொடி தாடையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள், அவள் கட்டை விரல் வெளுத்துப்போயிருந்தது. அப்போது வந்தது, ஹக் என்று ஒரு பெரிய இழுப்பு, அதன் பின்னாலேயே கரகரவென்று, அறை முழுக்கக் கேட்கும்படி, வராந்தா வரைக்கும் கேட்கும்படி. எண்கள் ஏறத் தொடங்கின. பூங்கொடி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

அதென்ன மோகனா அங்க சத்தம் என்றார் நாத்தனார்.

நான் போனைப் பிரகதியின் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டேன். நன்றாகக் கேட்கட்டும் என்று கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு என் காதில் வைத்து, “உங்க மருமக மூச்சு விடறாளுங்க” என்றேன்.